புஷ்பத்தின் சாட்சியும் மாற்கு ஆறாம் அதிகாரமும்

11 பிப்ரவரி 1973, ஞாயிறு

இன்று காலை தியாகராய நகரில், சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவியின் காசநோய் மாத்திரைகளை ஒரு மனிதன் வாங்கிப் பிரம்புக் கூடையில் போட்டுக்கொண்டான். பெயர் ஞானசிகாமணி. பாஸ்டர். அதோடு விட்டானா? "இந்தச் சகோதரிக்குச் சுகம் தாமதித்ததற்குக் காரணம் அந்த வீட்டில் இருக்கிற அவிசுவாசம்" என்று மைக்கில் சொன்னான். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி மேடைக்கு முன்னால் கை கூப்பி நின்றாள். மீதி நான்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் வெள்ளைத்துரை கிழவன் இல்லாததைச் சொல்கிறான் என்று பேசக் கூடாது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போகிறவன் அல்ல. வேதத்தை வீட்டிலேயே வாசிப்பேன். புஷ்பம்தான் ஆறு மாதமாக மந்தைவெளியிலிருந்து பஸ் பிடித்து, உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் பாத்திரக்கடை மாடியில் இருக்கும் அந்த ஜெபவீட்டுக்குப் போய்வருகிறாள். "இன்னிக்கு மட்டும் வாங்க, நான் சாட்சி சொல்லப் போறேன்" என்றாள். போனேன். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. மற்ற சபைகளில் சுகம் கிடைத்த பிறகு எழுந்து சாட்சி சொல்வார்கள். இங்கே கிடைக்கும் முன்பே 'சுகமானேன்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லி, மருந்தைக் கூடையில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு மருந்தைத் தொட்டால் தேவனுக்கும் சபைக்கும் முன்னால் பொய் சொன்னதாகிவிடுமாம்.

அவள் சொன்னாள். போட்டாள். தம்புரின் அடித்தார்கள். கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த மாத்திரை. ஆறே மாதம்தான் ஆகிறது. ஒன்றரை வருஷம் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் அவள் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் பஸ்ஸே நின்றிருக்கும்.

12 பிப்ரவரி

மாத்திரையைத் திரும்ப வாங்கப் போனேன். பாஸ்டர் பனியனோடு தரையில் உட்கார்ந்து ஆர்மோனியத்தின் துருத்திக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். அங்கே கூட்டிப் பெருக்குகிற பாஞ்சாலி, அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிற பெண், அந்தப் பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கூடை எங்கே?"

"எந்தக் கூடை பிரதர்?"

"என் பெஞ்சாதி மாத்திரை போட்ட கூடை."

"அது நேத்து சாயங்காலமே அடையாத்து முகத்துவாரத்துல கொட்டியாச்சு. பாவத்தைச் சமுத்திரத்துல போடுறாப்பல."

"மாத்திரை பாவமா?"

"மாத்திரை பாவமில்ல பிரதர். சந்தேகம்தான் பாவம்."

அவர் மூக்கின்மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. "கண்ணு விஷயத்துல மட்டும் சந்தேகத்துக்கு இடம் உண்டோ பாஸ்டர்?" என்று கேட்டேன். பாஞ்சாலி களுக்கென்று சிரித்துவிட்டாள். "கிழவரு சரியா குத்துறாரு பா" என்றாள். பாஸ்டர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கம்மாவை ஆஸ்பத்திரியில கைவிட்டு அனுப்பிட்டாங்க பிரதர். மாட்டுவண்டியில பாய் போட்டுக் கொண்டுவந்தோம். ஜெபம் பண்ணினோம். எழுந்து உட்காந்து கஞ்சி கேட்டாங்க. என் கல்யாணத்தைப் பாத்துட்டுத்தான் போனாங்க. நான் கண்ணால பாத்ததைத்தானே சொல்ல முடியும்?"

பொய் சொல்கிற முகம் இல்லை. அதனால் இன்னும் எரிச்சல். போக்கிரியாக இருந்தால் போலீசுக்குப் போகலாம்.

நான் எழுந்து வரும்போது சொன்னார்: "மாற்கு ஆறு வாசிங்க. சொந்த ஊரான நாசரேத்தூர்ல ஆண்டவராலேயே அற்புதம் செய்ய முடியல. ஏன்? ஊர்க்காரங்க நம்பல. உங்க வீடு நாசரேத்தூர் பிரதர்."

என் வீடு நாசரேத்தூர்!

பெதஸ்தா குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷ நோயாளி ஒருவன் கிடந்தானே, அவனுக்குச் சுகம் கொடுத்தவர் பெயர்கூடத் தெரியாதே, அவன் எதை நம்பினான்? இதைக் கேட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

15 பிப்ரவரி

அவளுக்கு இருமல் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

21 பிப்ரவரி

ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னை யாரும் படிக்க வைக்கவில்லை. ஜவுளிக்கடை குடோனில் பேல்களின்மேல் உட்கார்ந்து வேதத்தை நானாக வாசித்தேன். விளக்கம் சொல்ல ஆள் இல்லை. அதனால் யாருடைய விளக்கமும் என் மண்டையில் ஏறிக் கெடுக்கவும் இல்லை. ஞானசிகாமணி வேதாகமப் பள்ளியில் படித்தவர். படித்தவர் இப்படியா வாசிப்பார்?

மாற்கு ஆறை எடுத்துப் பார்த்தேன். ஊராரின் அவிசுவாசத்தால் அங்கே அற்புதம் செய்யக்கூடாமல் போயிற்று என்பது வாஸ்தவம். ஆனால் அதே வசனத்தின் முன்பாதி என்ன சொல்கிறது? சில நோயாளிகள்மேல் கை வைத்துக் குணமாக்கினார் என்கிறது. அவிசுவாசம் நிறைந்த அதே ஊரில்! பாஸ்டர் முன்பாதியை விழுங்கிவிட்டார்.

யாக்கோபு ஐந்தில், மூப்பர்கள் எண்ணெய் பூசி விசுவாசத்தோடு ஜெபம் பண்ணினால் நோயாளி பிழைப்பான் என்று இருக்கிறது. 'ஒருவேளை' என்ற சொல் அங்கே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. சரி. அப்படியானால் பவுல் தன்னோடு வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயோடு விட்டுவிட்டுப் போனாரே, அது ஏன்? இந்தப் பவுலின் உடம்பிலிருந்து எடுத்த துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் போயிற்று என்று அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதியிருக்கிறது. துரோப்பீமுவுக்கு ஒரு துணி கிடைக்கவில்லையா? தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு ஏன் ஜெபம் பண்ணாமல் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று எழுதினார்? பவுலின் உடம்பில் குத்திய முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் கெஞ்சியும் எடுக்கப்படவில்லையே, பவுலின் வீடும் நாசரேத்தூரா?

இதையெல்லாம் புஷ்பத்திடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஆசா ராஜா?" என்றாள்.

ஆசா ராஜா காலில் நோய் வந்தபோது கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான், செத்தான். நாளாகமத்தில் இருக்கிறது. பாஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"எசேக்கியா ராஜாவுக்குக் கட்டி வந்தப்போ தீர்க்கதரிசியே அத்திப்பழத்தை அரைச்சுப் போடச் சொன்னாரே, அது மருந்து இல்லாம பின்ன என்னட்டி? சட்னியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க வேதத்தை வக்கீல் கணக்கா வாசிக்கீங்க. நான் நோயாளியா வாசிக்கேன்."

இதற்கும் பதில் உண்டு. கிடைத்ததும் எழுதுகிறேன்.

5 மார்ச்

மாத்திரை வாங்க வரவில்லையே என்று கிளினிக்கிலிருந்து நர்ஸ் அஃப்சருன்னிசா வீட்டுக்கே வந்துவிட்டார். வெயிலில் மாதா கோயில் பக்கமிருந்து நடந்தே வந்திருக்கிறார். புஷ்பம் மோர் கொடுத்தாள். அவளைப் பார்த்தால் யாருக்கும் நோயாளி என்று தோன்றாது. கன்னத்தில்கூடச் சதை வந்திருக்கிறது. எதிர்வீட்டு முத்துலட்சுமி, "அக்கா, உங்க சாமி பவர்ஃபுல்லுதான்" என்று நேற்றுத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

"சுகமாயிட்டேன் நர்ஸம்மா. சபையில சாட்சி சொல்லிட்டேன்."

"அட என்னாம்மா நீங்க! ஆறு மாசம் மருந்து போயிருக்கில்ல, அந்த ஜோர்ல கிருமி பதுங்கிகினு இருக்கு. செத்துப் போச்சுன்னு யாரு சொன்னா? நாங்களும் துவா கேக்குறவங்கதான். துவாவும் கேளுங்க, மாத்திரையும் போடுங்க. ரெண்டும் சண்டையா போடுது?"

"நான் இப்ப ஒரு மாத்திரை தொட்டாலும் சொன்ன சாட்சி பொய்யாயிரும்."

"யாருக்கும்மா பொய்யாவும்? பாக்டீரியாவுக்கா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. புஷ்பம் எழுந்து உள்ளே போய்விட்டாள். நர்ஸ் புது மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிட்டு, "தாத்தா, நீங்க அவங்களண்ட ஜெயிக்கப் பாக்காதீங்க. முழுங்க வைக்கப் பாருங்க" என்று சொல்லிப் போனார்.

நான் ஜெயிக்கப் பார்க்கிறேனா? நியாயம் என் பக்கம் இருக்கிறது. அதைச் சொன்னால் ஜெயிக்கப் பார்ப்பதா?

19 மார்ச்

விடியும் நேரத்தில் கொல்லைக் குழாயடியில் துணி கசக்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். அவளுடைய பழைய சேலைக் கிழிசல். சிவப்பு.

"என்னது?"

"வெத்தலைச் சாறு."

வெற்றிலை போடுகிற பழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. அறுபது வயதில் என்னிடம் பொய் சொல்லப் பழகிக்கொள்கிறாள். சாட்சி பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகப் பொய்!

யார் பழக்கியது இதை?

20 மார்ச்

கெஞ்சினேன். கையில் மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

25 மார்ச், ஞாயிறு

இதை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

சாட்சி நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்பது அவர்கள் வழக்கம்தானே? எழுந்தேன். நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியாது. "என் பெயர் வெள்ளைத்துரை. நாசரேத்தூர் வீட்டிலிருந்து வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். பின்வரிசையில் சிரித்தார்கள். "நான் சாட்சி சொல்ல வந்தேன். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். என் மனைவி ரத்தம் துப்புகிறாள்" என்றேன்.

அவ்வளவுதான். பாஸ்டர் கையைத் தூக்கினார். ஆர்மோனியம். தம்புரின். எல்லோரும் எழுந்து கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே சாட்சி கோணலாகப் போனால் பாட்டுப் பாடி மூடிவிடுவார்களாம், இது பிறகு பாஞ்சாலி சொல்லித்தான் தெரியும். நான் மாற்கு என்று கத்தினேன், மிலேத்து என்று கத்தினேன், துரோப்பீமு என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். புஷ்பமும் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே. அழுதுகொண்டே.

நாற்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவள் என் வாயை மூடப் பாடினாள்.

26 மார்ச்

போய்விட்டாள். ஜெபவீட்டின் பின்னறையில் உபவாச ஜெபத்துக்குச் சில பெண்கள் தங்குகிறார்கள், அவர்களோடு. பாஸ்டர் சொன்னாராம், அவிசுவாசம் இருக்கிற வீட்டில் கிடைத்த சுகம் நிற்காது, கொஞ்ச நாள் விலகி இருங்கள் என்று. புருஷனையும் பெஞ்சாதியையும் பிரிக்க இவன் யார்? தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக் கூடாது என்கிற வசனம் அவன் புத்தகத்தில் அச்சாகவில்லையா?

டிரங்குப் பெட்டியில் இரண்டு சேலை வைத்தாள். வாசலில் நின்று சொன்னாள்: "சபைக்கு முன்னால என் மானத்தை வாங்கிட்டீங்க."

"உன் மானமா? உயிரு போகுதுட்டி!"

"என் உயிருக்காக நான் ஜெபம் பண்ணலைங்க. நான் சுகமானா நீங்க நம்புவீங்கன்னு ஜெபம் பண்ணுதேன். இத்தனை வருஷமா வாசிக்கீங்க. ஒருநாள்கூட முழங்கால் போட்டு நான் பாக்கலை."

போய்விட்டாள்.

அப்படியானால் என்னைக் கரையேற்ற அவள் மருந்தை விட்டாளா? யார் கேட்டது? நான் கேட்டேனா? ஆண்டவர் கேட்டாரா?

1 ஏப்ரல்

சமைத்தேன். சோறு குழைந்து கஞ்சியாயிற்று. இதற்கும் அந்த மனிதன் பதில் சொல்ல வேண்டும்.

3 ஏப்ரல்

பாத்திரக்கடைக்கு எதிரில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பின்னறை ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. உள்ளே பாட்டு. பாட்டுக்கு நடுவே இருமல். எத்தனை பெண்கள் இருந்தாலும் அவள் இருமலை நான் அறிவேன்.

மேலே போகவில்லை. போனால் பாடுவார்கள்.

7 ஏப்ரல், சனி

மத்தியானம் பாஞ்சாலி ஓடி வந்தாள். செருப்பு இல்லை. மூச்சு வாங்கியது.

"நைனா, சீக்கிரம் வா! அம்மா கொத்துக் கொத்தா ரத்தம் துப்புது. ராத்திரியிலேர்ந்து படுக்க வெச்சுகினு கீறாங்க. யாராண்டயும் சொல்லாதன்றாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். அம்மாவே சொல்லாதன்னுது. நான்தான் மனசு கேக்காம ஓடியாந்தேன். எனக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும்."

சைக்கிள் ரிக்ஷா பிடித்துப் போனோம். மாடிப்படியின் தலைப்பில் பாஸ்டர் நின்றார். "பிரதர், நாளைக்கு ஞாயிறு. ஒரே ஒரு நாள் பொறுத்துக்குங்க. சபை முழுக்க உபவாசம் இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர். அதுவும் எனக்கு ஆத்திரம். அழுகிற மனிதனை எப்படித் திட்டுவது? தள்ளிக்கொண்டு போனேன்.

அறைக்குள் வெக்கையும் ரத்த வாடையும். பாயில் கிடந்தாள். சுற்றிலும் பெண்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி பாட்டெடுத்தாள். புஷ்பம் கை அசைத்து நிறுத்தினாள்.

"நான் வரமாட்டேங்க. சாட்சி சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனா ஆண்டவரைப் பொய்யராக்கினதா ஆயிரும்."

என் மண்டையில் துரோப்பீமுவும் எசேக்கியாவும் வரிசையில் நின்றார்கள். இரண்டு மாதமாகத் தீட்டி வைத்தவர்கள். ஒருவரையும் கூப்பிடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்தேன்.

"ஏட்டி, பத்துக் குஷ்டரோகிங்க வந்தாங்களே, அவங்களை என்ன சொல்லி அனுப்பினாரு?"

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஆசாரியர்கிட்டப் போய்க் காட்டுங்கன்னு."

"எதுக்குக் காட்டணும்? சுகம் குடுத்தவருக்குத் தெரியாதா?"

"சுத்தமாயிட்டாங்கன்னு ஆசாரியன் பாத்துச் சொல்லணும். அது நியாயப்பிரமாணம்."

"அப்ப நீயும் போய்க் காட்டு. மருந்து வேண்டாம். மாத்திரையைப் பத்தி நான் வாயே திறக்கலை. சுகமாயிருந்தா கிளினிக்குக்காரன் எழுதிக் குடுக்கட்டும். காட்டச் சொன்னது நான் இல்லை. அவரு."

பாஸ்டரைப் பார்த்தேன். வசனத்துக்கு எதிராக அவர் என்ன சொல்ல முடியும்? தலையைக் குனிந்துகொண்டார்.

"காட்டிட்டு வந்துரலாம்மா. காட்டறதுல இன்னா கீது?" என்று பாஞ்சாலி அவளைக் குழந்தை மாதிரி தூக்கிவிட்டாள். ரிக்ஷாவில் புஷ்பத்தின் எடை என் தோளில் ஒரு துண்டு அளவுதான் இருந்தது.

10 ஏப்ரல்

சனிக்கிழமையே காட்டினோம், எக்ஸ்ரே இன்றுதான் வந்தது.

டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவள் காதில் விழாதபடி என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். "ரெண்டு பக்கமும் பரவிடுத்து. பாதியில விட்டுட்டேளே, பெரியவரே! பழைய மருந்து இனிமே கேக்குமான்னு எனக்கே தெரியலை. வேற மருந்து ஆரம்பிக்கிறேன். தாம்பரம் சானடோரியத்துல இடம் கேட்டிருக்கேன்" என்றார். 'விட்டுட்டேளே' என்று என்னைச் சொன்னார். நான் விட்டேனா? யாரிடம் போய் விளக்குவது?

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"அப்ப நான் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கேன்."

இரண்டு மாதமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். கேட்டதும் அது எனக்கு வேண்டாமல் போயிற்று. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்லத் தெரியாமல்தான் வெற்றிலைச் சாறு என்றாள்.

"பெத்சாயிதா குருடன் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

இருந்தது. மாற்கு எட்டு. ஆண்டவர் கை வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். மனிதர்கள் தெரிகிறார்கள், மரங்கள் நடக்கிற மாதிரி என்றான். அப்புறம் இரண்டாம் தரம் கை வைத்தார். பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. ஒரே தரத்தில் ஏன் ஆகவில்லை என்று மாற்கு எழுதவில்லை. பாஸ்டருக்கு எதிராக நான் எடுத்து வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. அவன் விசுவாசம் குறைவா, அவர் வல்லமை குறைவா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்பதாக இருந்தேன்.

"முதல் தரம் கை வெச்சதும் அவன் எழுந்து போய் ஊர்ல சாட்சி சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

யோசித்தாள். "மரம் நடக்குன்னு."

"அவன் பொய்யனா?"

"இல்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

"உனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. மருந்து கொஞ்சம் வேலை செஞ்சுது, உடம்பு தேறிச்சு, சொன்னே. பொய்யில்லை. அவசரம். அந்த அவசரத்தை உனக்குக் கத்துக் குடுத்தவனை நான் விடமாட்டேன், அது வேற."

அவளுக்குச் சிரிப்பு வந்து அது இருமலாகிவிட்டது. அடங்கியபின், "ரெண்டாம் தரம் கை வைப்பாராங்க?" என்று கேட்டாள்.

வைப்பார் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? வைக்கமாட்டார் என்று சொல்லவும் இல்லை. நர்ஸ் அஃப்சருன்னிசா மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து நின்றார். புஷ்பம் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். முழுங்கினாள்.

17 ஏப்ரல்

சானடோரியத்தில் இடம் கிடைத்தது. பதினான்காம் கட்டில், சவுக்குமரம் பார்த்த ஜன்னல். ரயிலில் திரும்பினேன்.

22 ஏப்ரல், ஈஸ்டர்

பாஞ்சாலி வந்து சொன்னாள். இன்று பிரசங்கத்தில் பாஸ்டர் பெயர் சொல்லாமல் சொன்னாராம்: ஒரு சகோதரி சுகத்தைப் பெற்றும், புருஷன் பேச்சைக் கேட்டு விழுந்துபோனாள், அவளுக்காக ஜெபியுங்கள் என்று. கூடை மறுபடியும் வைத்தார்களாம். இரண்டு பேர் போட்டார்களாம்.

உயிர்த்தெழுந்த நாளில்!

"நீ ஏன் இன்னும் அங்க போறே?" என்று கத்தினேன்.

"நல்லாக் கேட்ட போ! அங்க தான் நைனா என்னிய 'சகோதரி'ன்னு கூப்புடுறாங்க. நீ இன்னா, ஏ பாஞ்சாலின்றே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது இருமினாள். ஒரு தரம் இல்லை. அந்தப் பின்னறையில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள் இவள். ஜன்னல் சாத்திய அறை.

எத்தனை நாளாய் என்று கேட்டேன். தூசி என்றாள்.

29 ஏப்ரல், ஞாயிறு

தாம்பரத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். புது மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி. ஆனாலும் ஒருவேளையும் விடவில்லையாம், வார்டு நர்ஸே சொன்னார். எனக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. மறக்காமல் இருக்க எழுதுகிறேன்.

நாளை காலை பாஞ்சாலியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சளி காட்ட வேண்டும். நான். வரமாட்டேன் என்றால் 'காட்டறதுல இன்னா கீது' என்று அவள் வார்த்தையையே அவளிடம் சொல்ல வேண்டும். சகோதரி என்று கூப்பிட வேண்டும்.

பின்னறையில் தங்கிய மற்றப் பெண்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வர வேண்டும். நர்ஸ் அஃப்சருன்னிசா வீடு வீடாகப் போவதாகச் சொன்னார். வழி காட்ட வேண்டியவன் நான்.

அந்த அறையின் ஜன்னல்களைத் திறக்க வேண்டும், கூடையை எடுக்க வேண்டும், மருந்தை விடச் சொன்னது தவறு என்று மைக்கில் சொல்ல வேண்டும். ஞானசிகாமணி. செய்யமாட்டார். ஆகையால் வரும் ஞாயிறு முதல் மாடிப்படியின் கீழே நான் நிற்க வேண்டும், கையில் பையோடு ஏறுகிற ஒவ்வொருவரையும் மறித்துக் கேட்க வேண்டும். படி பாத்திரக்கடைக்காரருடையது, அவரிடம் பேசிவிட்டேன். அங்கே யாரும் பாட்டுப் பாடி என் வாயை மூட முடியாது, பஸ் சத்தத்தையே தாண்டிக் கத்துகிற தொண்டை எனக்கு.

பாஸ்டரும் சளி காட்ட வேண்டும். அவரும் அந்த அறையில்தான் ஜெபம் பண்ணினார். இதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். கோபப்படாமல் சொல்ல வேண்டும் என்கிறாள் புஷ்பம். பார்க்கலாம்.

மருந்தை விடாமல் சாப்பிட வேண்டியவள் புஷ்பம்.

தினமும் பார்வை நேரத்தில் அவளுக்கு ஒரு அதிகாரம் வாசிக்க வேண்டியவன் நான். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. முடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட வேண்டும். இன்று போட்டேன். எழுந்திருக்கப் பக்கத்துக் கட்டில்காரி கை கொடுத்தாள்.

நாளைக்கு எந்த அதிகாரம் என்று புஷ்பம்தான் சொல்ல வேண்டும். இன்று கேட்டேன். பேச மூச்சு வரவில்லை. நாளை போனதும் கேட்க வேண்டும்.